பிறந்த வீடும் புகுந்த வீடும்

பாரிஸ் நகரத்துக்குப் போகிறவர்கள் மோன்மார்த் குன்றுக்குப் போகாமல் திரும்புவதில்லை. குன்றின் உச்சியில் வெள்ளை வெளேரென்று மாதா கோவில். அதன் வாசலில் நின்று பார்த்தால் நகரம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். குன்றின் அடிவாரத்திலோ, உலகப் பிரசித்தி பெற்ற நாட்டியக் கொட்டகை; அதன் தலையில் சிவப்புக் காற்றாடி. மேலே பக்தி, கீழே கேளிக்கை! எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று யாத்திரிகர்கள் திண்டாடிப் போவார்கள்.

வாசக சகோதரிகளே! உங்களை அந்த இரண்டுக்கும் அழைத்துப் போகப் போவதில்லை. காற்றாடிக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய வீதி பிரிகிறது. அதன் கோடியில் இருப்பது ஓர் இடுகாடு. "இவ்வளவு தூரம் வந்து இடுகாட்டுக்கா?" என்று முகம் சுளிக்காதீர்கள். ஐந்து நிமிஷம் என்னோடு நடந்து வந்தால் போதும். பிறகு நீங்களே திரும்பி வர மனமில்லாமல் நிற்பீர்கள்.

முன் காலத்தில் ஜிப்ஸம் கல் வெட்டியெடுத்த பள்ளத்தில் 1825-ல் அமைந்தது இந்த மோன்மார்த் இடுகாடு. தெருவை விடத் தாழ்வாக இருக்கிறது. அதற்கு மேலே இரும்புப் பாலம் ஒன்று போகிறது. பாலத்தின் மேல் மோட்டார்கள் ஓயாமல் ஓட, கீழே மரநிழலில் பூனைகள் நிம்மதியாகத் தூங்குகின்றன. சங்கீத மேதை பெர்லியோஸ் இங்கேதான் இருக்கிறார். நாவலாசிரியர் ஸ்தாந்தாலும் இங்கேதான். அவர்களையெல்லாம் தாண்டி, ஒரு வெள்ளைப் பளிங்குக் கல்லறைக்கு முன்னால் நிற்போம்.

மேலே ஒரு மனிதரின் மார்பளவுச் சிலை. தலை சற்றே கவிழ்ந்திருக்கிறது. தனக்குக் கல்லறை எந்த மண்ணில் வாய்க்குமோ என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் சிறு கவிதை ஒன்று கல்லில் ஜெர்மன் மொழியில் வெட்டியிருக்கிறது. கீழே இரண்டு பெயர்கள். ஒன்று, "ஆன்ரி ஹைனே." இன்னொன்று, "ஃப்ராவ் ஹைனே."

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? சொல்கிறேன். கணவர் ஜெர்மானியர், அவர் பெயர் ஹைன்ரிஹ். அதைக் கல்லில் "ஆன்ரி" என்று பிரெஞ்சுப் பெயராக்கி விட்டார்கள். மனைவியோ பிரெஞ்சுக்காரி; ஜெர்மன் பாஷை தெரியாதவள். அவளை "ஃப்ராவ்" என்று குறித்திருக்கிறார்கள். "ஃப்ராவ்" என்றால் ஜெர்மனில் "திருமதி." ஜெர்மானியருக்குப் பிரெஞ்சுப் பெயர், பிரெஞ்சுக்காரிக்கு ஜெர்மன் பட்டம்! வேண்டுமென்றே செய்தார்களோ, தற்செயலாக அமைந்ததோ, அந்த மனிதருடைய வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு பெயர்களில் அடங்கிவிட்டது.

பெண்களாகிய உங்களுக்கு அந்த வாழ்க்கையைப் புரியவைப்பது சுலபம். பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு வீடுகளை ஏக காலத்தில் நேசிப்பது எப்படி என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா? ஹைனேக்கு ஜெர்மனி பிறந்த வீடு. பிரான்ஸ் புகுந்த வீடு.

முதலில் பிறந்த வீட்டுக்குப் போய் வருவோம். பாரிஸிலிருந்து ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் நகரத்துக்கு இந்தக் காலத்து வேக ரயிலில் சுமார் நாலு மணி நேரப் பிரயாணம். ரைன் நதிக்கரையில் பழைய நகரம். அங்கே போல்கர் வீதி என்று ஒரு வீதி. இரு பக்கமும் பீர்க் கடைகளின் ஆரவாரம். அதில் 53-ஆம் எண்ணுள்ள மனையில், 1797-ஆம் வருஷம் டிசம்பர் 13-ஆம் தேதி ஒரு யூதத் துணி வியாபாரிக்குப் பிள்ளையாகப் பிறந்தார் ஹைனே. வீட்டில் வைத்த பெயர் ஹாரி. 2006-லிருந்து அந்த இடத்தில் புத்தகக் கடையும் இலக்கியக் கூட்டங்கள் நடக்கும் மன்றமும் இருக்கின்றன.

ஹாரியின் சிறு வயதில் அந்த ஊர் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1811-ல் நெப்போலியன் சக்ரவர்த்தியே அங்கு வந்தார். ஊர்ப் பூங்காவின் நடைபாதையில் யாராவது குதிரை ஓட்டினால் ஐந்து தாலர் அபராதம். சக்ரவர்த்தியோ நடுப்பாதையில் வெள்ளைக் குதிரையில் ஜாம் ஜாமென்று போகிறார். போலீஸ்காரர் வாய் திறக்கவில்லை! கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த 13 வயதுப் பையன் பின்னால் இதை வெகு வேடிக்கையாக எழுதி வைத்தான்.

பையனுக்குப் பிரான்ஸ் மீது ஆசை ஏற்பட்டதற்கு வெள்ளைக் குதிரை மட்டும் காரணம் அல்ல. பிரெஞ்சுச் சட்டம் யூதர்களையும் மற்றவர்களோடு சமமாக வைத்தது. நெப்போலியன் வீழ்ந்து ஊர் பிரஷ்ய ராஜ்யத்தோடு சேர்ந்ததும், அந்தச் சமத்துவமும் போயிற்று. சட்டம் படிக்கலாம், படித்துவிட்டு யூதனாகவே இருந்தால் சர்க்கார் உத்தியோகம் கிடையாது.

ஆயினும் தாயார் பெட்டி அம்மாள் பிள்ளையைப் படிக்க வைப்பதில் பிடிவாதமாக இருந்தாள். படித்த குடும்பத்துப் பெண் அவள். பிள்ளை முதலில் நெப்போலியனிடம் பெரிய பதவி வகிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். நெப்போலியன் போனதும், பணப்புழக்கமுள்ள வியாபாரியாக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பிள்ளை ஹாம்பர்க் நகரில் வைத்த துணிக்கடை 1819-ல் மூடிப் போயிற்று. சரி, வக்கீலாகட்டும் என்று தீர்மானித்தாள். அதற்குப் பணம்? கழுத்திலும் காதிலும் கிடந்த விலை உயர்ந்த நகைகளை விற்றாள். அந்தப் பணத்தில்தான் முதல் நாலு வருஷக் கல்லூரிப் படிப்பு நடந்ததாக ஹைனே தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். நகையை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைப்பது நம் ஊர்த் தாய்மார்களுக்கு மட்டுமே உரிய வழக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

பான் நகரத்துக் கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஒருவர் ஷ்லெகெல் என்ற ஸம்ஸ்கிருத பண்டிதர். அந்தப் பழக்கத்தால் நம் நாட்டின் மேலும் ஹைனேக்கு ஒரு மோகம் பிறந்தது. கங்கைக் கரையையும் தாமரைப் பூக்களையும் கனவு கண்டு அவர் பாடிய கவிதைக்கு மெண்டல்ஸன் மெட்டமைத்தார். ஐரோப்பாவில் பாட்டுக் கற்றுக்கொள்ளும் பெண்கள் பலர் அதைப் பாடியிருக்கிறார்கள். கங்கையை மட்டும் கவிஞர் கடைசி வரை பார்க்கவில்லை.

1825-ல் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே வருஷம், உத்தியோகக் கதவு திறக்கட்டும் என்று ஞானஸ்நானமும் செய்துகொண்டார். கதவு திறக்கவில்லை. யூதர்கள் "நம்மை விட்டுப் போனவன்" என்றார்கள். கிறிஸ்தவர்களோ அவரை யூதனாகவே பார்த்தார்கள். மனத்துக்குள் அவர் அடைந்த வருத்தம் கொஞ்ச நஞ்சமல்ல. 1827-ல் வெளிவந்த அவருடைய பாடல் புத்தகம் நாளடைவில் ஜெர்மனி முழுவதும் பரவியது. ஆனால் அவருடைய வசனத்தில் இருந்த கேலியும் குத்தலும் ராஜாங்கங்களுக்குப் பிடிக்கவில்லை. தணிக்கைக்காரரின் கத்தரிக்கோல் ஓயவில்லை. 1830-ல் பாரிஸில் புரட்சி நடந்து புது ஆட்சி வந்த செய்தி எட்டியதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1831 மே மாதம் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் சாகும் வரை பாரிஸ்வாசிதான். 1835-ல் ஜெர்மானிய ராஜ்யங்களின் சபை அவருடைய நூல்களுக்குத் தடையே விதித்துவிட்டது.

புகுந்த வீட்டில் அவர் என்ன செய்தார் தெரியுமா? சில பெண்களைப் பார்த்திருப்பீர்கள். மாமியார் வீட்டில் இருக்கும்போது பிறந்த வீட்டுப் பெருமை பேசுவார்கள். பிறந்த வீட்டுக்கு வந்தாலோ மாமியாரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஹைனே அதே காரியத்தைச் செய்தார். பிரான்ஸில் நடப்பதையெல்லாம் ஜெர்மன் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். ஜெர்மனியின் மதம், தத்துவம், இலக்கியம் ஆகியவற்றைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விளக்கிப் புத்தகங்கள் எழுதினார். இரு வீட்டாரையும் கேலி செய்யவும் தவறவில்லை. அதனால் ஜெர்மனியில் பலர் அவரைத் தேசத்துரோகி என்றே ஏசினார்கள்.

பாரிஸில் 1834-ல் அவருக்குப் பழக்கமானாள் ஒரு பெண். பாதரட்சைக் கடையில் வேலை பார்த்தவள்; ஹைனேயை விடப் பதினேழு பதினெட்டு வயது இளையவள். ஹைனே அவளுக்கு வைத்த பெயர் மத்தில்டு. 1841-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவள் சிரித்தால் வீடு கலகலக்கும். கோபித்தால் அக்கம்பக்கத்தாருக்கும் கேட்கும். பணம் கையில் தங்காது. செல்லமாக ஒரு கிளி வளர்த்தாள். தன் கணவர் பெரிய கவி என்று ஊரார் சொல்லக் கேட்டாளே தவிர, அந்தக் கவிதைகளை அவர் எழுதிய மொழியில் படிக்க அவளால் முடியாது.

இதற்கிடையில் 1842 மே மாதம் ஹாம்பர்க் நகரில் பெருந்தீ. விதவையாகி அந்நகரில் வாழ்ந்து வந்த தாயாரின் வீடும் எரிந்தது, தப்பியது உயிர். பிள்ளையின் மனம் எப்படிப் பதைத்திருக்கும்! 1843-ல் அவர் எழுதிய இரவுக் கவிதை ஒன்று உலகப் புகழ் பெற்றது. ஜெர்மனியை நினைத்தால் இரவில் தூக்கம் போகிறது என்னும் கருத்தில் அது தொடங்கும். அரசியல்வாதிகளும் பத்திரிகைக்காரர்களும் அந்தத் தொடக்கத்தை மட்டும் இன்று வரை பயன்படுத்துகிறார்கள். கவிதை முழுவதையும் படித்தவர்களுக்குத்தான் தெரியும், தூக்கத்தைக் கெடுத்தது அரசியல் அல்ல என்பது. பன்னிரண்டு வருஷமாகக் கண்ணால் பார்க்காத தாய் அவள்! கடைசியில் பொழுது விடிகிறது. மனைவி சிரித்த முகத்தோடு வருகிறாள். ஜெர்மன் கவலைகள் விலகுகின்றன. இரவெல்லாம் அம்மா, விடிந்தால் மனைவி. இரண்டு தாய்நாடுகளும் அவருக்கு இரண்டு பெண்களின் முகங்களாகவே தெரிந்தன என்று நான் சொல்வது மிகையா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் அவர் ஹாம்பர்க் போனார். அம்மா என்ன செய்தாள்? எந்த அம்மாவும் செய்வதைத்தான். முதலில் சாப்பாடு போட்டாள்! அடுத்த வருஷம் வெளியான அவருடைய நீண்ட பயணக் கவிதையில் இந்தக் காட்சி வருகிறது. மீன், வாத்துக் கறி, கடைசியில் ஆரஞ்சுப் பழம். பரிமாறிக்கொண்டே அம்மா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறாள். "உன் பெண்டாட்டிக்கு வீட்டைக் கவனிக்கத் தெரியுமா?" என்கிற மாதிரி ஒரு கேள்வி, "எந்த நாடு உசத்தி, இதுவா அதுவா?" என்கிற மாதிரி இன்னொன்று. பிள்ளையோ, வாத்து ருசியைப் பற்றியும், பிரெஞ்சுக்காரர் அதற்குச் செய்யும் குழம்பைப் பற்றியும் பேசி நழுவி விடுகிறார். இரண்டு வீட்டுச் சமையலில் எது உயர்த்தி என்று கேட்டால் நீங்களும் இப்படித்தானே நழுவுவீர்கள்?

1844-ல் மனைவியை அழைத்துக்கொண்டு மறுபடியும் போனார். இம்முறை கடல் மார்க்கமாகப் போனார். தரை மார்க்கமாகப் போய்ப் பிரஷ்ய எல்லையில் கால் வைத்தால் கைது செய்ய உத்தரவு தயாராக இருந்தது. மாமியாரும் மருமகளும் சந்தித்தார்கள். ஆனால் மத்தில்டுக்கு அந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. சில வாரத்திலேயே பாரிஸுக்குத் திரும்பிவிட்டாள். ஹைனே பின்னால் திரும்பினார். தாய் நின்ற கரையை அவர் பார்த்தது அதுதான் கடைசித் தடவை.

1848 மே மாதம். உடம்பு நாளுக்கு நாள் செயலிழந்து வந்தது. கடைசி முறையாக வீட்டை விட்டு வெளியே போய், லூவ்ர் மாளிகையில் கைகளை இழந்த வீனஸ் தேவியின் சிலைக்கு முன்னால் விழுந்து அழுததாக அவரே எழுதியிருக்கிறார். தூக்கி விடுவதற்குத் தேவிக்குக் கை ஏது? அன்றிலிருந்து எட்டு வருஷம் தரையில் அடுக்கிய மெத்தைகளே கதி. "மெத்தைக் கல்லறை" என்று அதற்குப் பெயர் வைத்தார். இமைகள் தாமாகத் திறக்காது. விரலால் தூக்கித்தான் பார்க்க வேண்டும். மத்தில்டு வீட்டில் இருந்தாள். சண்டை போட்டாள், சிரித்தாள், கூடவே இருந்தாள்.

அப்படிக் கிடந்துகொண்டுதான் 1851-ல் அவர் வெளியிட்ட கவிதைத் தொகுதியில் ஒரு பகுதிக்கு "எபிரேய ராகங்கள்" என்று பெயரிட்டார். ஸ்பெயினில் பிறந்து ஜெரூஸலத்துக்கு ஏங்கிய பழைய யூதக் கவி ஹலேவியை அதில் பாடினார். யூதர்களின் வேதப் புத்தகம் அவர்கள் கையோடு தூக்கிச் செல்லும் தாயகம் என்ற பொருளில் எழுதியவரும் அவரே. நடக்க முடியாதவருக்குக் கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வீடு வேண்டியிருந்தது போலும்.

இத்தனைக்கும், ஹாம்பர்க்கில் இருந்த வயதான தாயாருக்கு அவர் எழுதிய கடிதங்களில் இந்த மெத்தை கிடையாது! சௌக்கியம், உற்சாகம், சின்னச் சின்ன வேடிக்கை; அவ்வளவுதான். தம் கையால் எழுதாமல் பிறரைக் கொண்டு எழுத வைப்பதற்கு, கண் கொஞ்சம் சரியில்லை என்பது சமாதானம். தூர தேசத்தில் வாழ்க்கைப்பட்டு, என்ன கஷ்டமானாலும், "அம்மா, இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ கவலைப்படாதே" என்று கடிதம் எழுதியவர்கள் உங்களில் எத்தனை பேர்! அந்தப் பொய்யின் எடை உங்களுக்குத் தெரியும். எட்டு வருஷம் அதைச் சுமந்தார் ஐரோப்பாவின் மகா கவி.

1856 பிப்ரவரி 17-ஆம் தேதி, மத்தின்யோன் சாலை 3-ஆம் எண் வீட்டில் ஹைனே காலமானார். தாயார் அதற்குப் பிறகும் மூன்று வருஷம் உயிரோடு இருந்தாள். மத்தில்டு காலமானது 1883-ல். அதே பிப்ரவரி மாதம், அதே 17-ஆம் தேதி.

மோன்மார்த்தில் புதைக்க வேண்டும், பிற்பாடு தம் எலும்பை ஜெர்மனிக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று 1851-ல் எழுதிய உயிலிலேயே சொல்லியிருந்தார். ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் மனமார்ந்த நேசம் உண்டாக உழைத்ததே தம் வாழ்க்கையின் பெரும்பணி என்றும் அதே உயிலில் குறித்தார்.

எலும்புக்குக் கிடைத்த அமைதி சிலைக்குக் கிடைக்கவில்லை. நூற்றாண்டு விழாவை ஒட்டி டுஸ்ஸல்டார்ஃபில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வைக்கப் பார்த்தார்கள். யூதனுக்கா என்று எதிர்ப்புக் கிளம்பியது. அந்தப் பளிங்கு நீரூற்று கடல் தாண்டிப் போய் 1899-ல் நியூயார்க்கில் நிலைபெற்றது. ஆஸ்திரியச் சக்ரவர்த்தினி எலிஸபெத் கார்ஃபு தீவிலுள்ள தன் மாளிகையில் இன்னொரு சிலை வைத்திருந்தாள். 1907-ல் அந்த மாளிகையை வாங்கிய ஜெர்மன் கெய்ஸர், முதல் வேலையாக யூதக் கவியை அகற்றினார். சிலை ஹாம்பர்க் போயிற்று. ஹிட்லர் காலத்தில் அங்கேயும் இடமில்லாமல் 1939-ல் பிரான்ஸின் தூலோன் துறைமுகத்துக்குக் கப்பலேறியது. 1956-லிருந்து அங்கே ஒரு பூங்காவில் உட்கார்ந்திருக்கிறது. கல்லான பிறகும் புகலிடம் தந்தது புகுந்த வீடுதான்! நாம் முதலில் பார்த்த கல்லறைச் சிலையைச் செய்ததும் இதே சிற்பிதான். ஹாஸெல்ரீஸ் என்ற டென்மார்க்காரர்.

1933-ல் பெர்லினில் எரித்த புத்தகங்களில் ஹைனேயின் நூல்களும் உண்டு. புத்தகத்தை எரிக்கிறவர்கள் அதோடு நிறுத்த மாட்டார்கள், மனிதரையும் எரிப்பார்கள் என்ற கருத்தை, 1823-ல் வந்த நாடகத்திலேயே அவர் எழுதியிருந்தார். அந்த வாசகம் அதே இடத்தில் இப்போது பதிக்கப்பட்டிருக்கிறது. டுஸ்ஸல்டார்ஃபும் மனம் மாறியது. அவருடைய முகத்தைத் துண்டு துண்டாகக் காட்டும் நினைவுச் சின்னம் 1981-ல் எழுந்தது. சுமார் இருபது வருஷ வாக்குவாதத்துக்குப் பிறகு, 1988-ல் பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயரையே வைக்கத் தீர்மானித்தார்கள். பிறந்த வீட்டுக் கோபம் எத்தனை நாளானாலும் ஒரு நாள் தணியும் அல்லவா?

அவர் கண்மூடிய பிறகு இரண்டு நாடுகளும் 1870-ல் ஒரு தடவை, 1914-ல் ஒரு தடவை, 1939-ல் ஒரு தடவை மோதிக்கொண்டன. எத்தனை லட்சம் தாய்மார்களின் தூக்கம் போயிற்று! கடைசியாக 1963 ஜனவரி 22-ஆம் தேதி, இரு நாட்டுத் தலைவர்களும் பாரிஸில் எலிஸே மாளிகையில் உட்கார்ந்து நேச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த மாளிகைக்கும், மெத்தையில் கிடந்து ஹைனே உயிர் நீத்த மத்தின்யோன் சாலை வீட்டுக்கும் நடை தூரம்தான். சில நிமிஷத்தில் போய்விடலாம்.

பொழுது சாய்கிறது. இடுகாட்டுக் கதவை மூடும் நேரம். பாலத்தின் மேல் மோட்டார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளியே போகுமுன் இன்னொரு முறை அந்தக் கல்லைப் பாருங்கள். ஆன்ரி ஹைனே, ஃப்ராவ் ஹைனே. பெயர்களை இடம் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று முதலில் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை, இல்லையா?

ஊருக்குத் திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சௌக்கியம் என்று எழுதுங்கள். அது உண்மையாகவே இருக்கட்டும்.